மைக் பிடிப்பவரும் நோட்டு பிடிப்பவரும்: வசீகரத் தலைமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர் பக்கம் ஒரு படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் வகுப்பு எடுக்கிறேன். சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள், மகளிர் குழுத் தலைவிகள், கல்லூரிப் பிள்ளைகள், ஓஎம்ஆர் கம்பெனிகளுக்குப் போய்வரும் தம்பி தங்கைகள் என்று பலரும் வருவார்கள். தலைமை பற்றிப் பேச்சு வந்தாலே வகுப்பு சூடாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கரிஸ்மா என்றால் என்ன? நாம் ‘கெத்து’ என்கிறோமே, அதுதானா?

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் முழுக்க அது இல்லை. கரிஸ்மா கிரேக்கச் சொல். அருளால் கிடைத்த வரம் என்று பொருள். கிறித்தவ இறையியலில் இருந்த அந்தச் சொல்லைச் சமூகவியலுக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் ஜெர்மானியரான மாக்ஸ் வெபர். 1920-இல் அவர் இறந்தார். இதைப் பற்றி விரிவாக எழுதியது 1922-இல்தான் நூலாக வந்தது. ஒருவர் சொல்லுக்கு நாம் ஏன் கட்டுப்படுகிறோம் என்பது அவர் கேள்வி. குப்பத்துப் பஞ்சாயத்தார் சொன்னால் கேட்கிறோம், காலங்காலமாக அப்படி வழக்கம். தாசில்தார் சொன்னால் கேட்கிறோம், அந்த நாற்காலிக்குச் சட்டம் இருக்கிறது. மூன்றாவதாக ஒருவர் வருகிறார். பரம்பரையும் இல்லை, பதவியும் இல்லை. “இவர்கிட்ட என்னமோ இருக்கு” என்று ஊர் அவர் பின்னால் போகிறது. அந்த ‘என்னமோ’தான் கரிஸ்மா.

கெத்து ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளக்கூடியது: நடை, பார்வை, சட்டைக் கையை மடித்துவிடும் விதம். வசீகரத் தலைமை அப்படியல்ல. பின்னால் வருகிறவர்கள் கொடுத்தால்தான் அது உண்டு. வெபரே இதை அழுத்திச் சொல்கிறார்: தலைவர் தன் ஆற்றலை மறுபடி மறுபடி நிரூபித்தாக வேண்டும், அவரால் மக்களுக்கு நன்மை கிடைக்காமல் போனால் அந்த அதிகாரம் கரைந்துவிடும். நம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அது கைமாற்றுக் கடன்.

பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?

பாதிக்கு மேல் பழகினால் வரும் என்பது என் அனுபவம். ஆய்வும் இதற்கு ஆதரவாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அன்டோனாகிஸும் அவரது குழுவினரும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உவமை, கதை, எதிரும் புதிருமாக நிறுத்திப் பேசுதல், கேள்வி கேட்டு நிறுத்துதல், கூட்டத்தின் மனத்தில் இருப்பதை எடுத்துச் சொல்லுதல் போன்ற உத்திகளைப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களை மற்றவர்கள் முன்பைவிட வசீகரமானவர்களாக மதிப்பிட்டார்கள்.

இந்த உத்திகளைப் படித்ததும் எனக்கு மேடைத் தமிழ்தான் நினைவுக்கு வந்தது. ராயபுரத்து ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்டதே, அந்தத் தலைமுறைக்கு அடுக்குமொழியும் எதிர்நிலையும் எவரும் பாடமாக நடத்தியதில்லை. கேட்டுக் கேட்டே தெருமுனைப் பேச்சாளர்கள் உருவானார்கள். அண்ணா உயரமானவர் அல்லர். அவர் குரலில் கரகரப்பு உண்டு. ஆனாலும் அவர் “தம்பி” என்று தொடங்கினால், அது தன்னைத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

இது எல்லா நாட்டிலும் எடுபடுமா?

இதற்கென்றே நடந்த பெரிய ஆய்வு ‘குளோப்’. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹவுஸ் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். 62 சமூகங்கள், ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்கள். உணவுப் பதப்படுத்தல், நிதி, தொலைத்தொடர்பு என மூன்று துறைகள். முடிவுகள் 2004-இல் பெரிய நூலாக வந்தன. “சிறந்த தலைவர் எப்படி இருப்பார்?” என்று கேட்டபோது நம்பகம், நேர்மை, தொலைநோக்கு, ஊக்கம் தருவது, நம்பிக்கை ஊட்டுவது ஆகியவற்றை எல்லா இடத்திலும் விரும்பினார்கள். சிடுசிடுப்பும், தான் என்ற போக்கும், ஈவிரக்கமின்மையும், சர்வாதிகாரமும் எந்த ஊரிலும் வேண்டாம் என்றார்கள். ஆக, வசீகரத் தலைமையின் மையமான சில குணங்களுக்கு உலகெங்கும் வரவேற்பு உண்டு.

மாறுவது வடிவம். லட்சிய வெறி, துணிந்து இறங்குவது, அந்தஸ்து பார்ப்பது, உற்சாகத்தை வெளிக்காட்டுவது போன்ற குணங்கள் ஓரிடத்தில் தலைவருக்கு அழகு, இன்னோரிடத்தில் குறை.

எனக்கு இந்த ஆய்வில் ஒரு மனக்குறை உண்டு. அவர்கள் கேட்டது மேலாளர்களை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவரையோ, காசிமேட்டில் விடியற்காலையில் கூடைக்கு ஏலம் கேட்கிற அம்மாவையோ யாரும் கேட்கவில்லை. தலைமையை அன்றாடம் சகித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தானே? மேலே இருந்து பார்ப்பதற்கும் கீழே இருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கும்.

என் மேனேஜர் நெதர்லாந்துக்காரர். நான் டீம் மீட்டிங்கில் உணர்ச்சியோடு பேசினால் முகத்தைச் சுளிக்கிறார். நான் என்ன தப்பு செய்தேன்?

ஒன்றும் தப்பில்லை தம்பி. அந்த ஊரில் ஒரு பழமொழி உண்டு: சாதாரணமாக நடந்துகொள், அதுவே போதுமான கிறுக்குத்தனம் என்று. தன்னை மற்றவர்களைவிட உயர்த்திக் காட்டுகிறவரை அங்கே சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஊழியர்களிடையே எடுத்த கருத்தறிதல்களை வைத்து ஹோஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர், அதிகார இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று நாடுவாரியாக ஓர் எண் கொடுத்தார். இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, டென்மார்க்குக்கு 18. உங்கள் மேனேஜர் ஊரும் கீழ்ப்பக்கம்தான். எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை புரிந்தால் போதும். அவரிடம் வேலையின் விவரத்தைச் சொல்லுங்கள், மாற்றுக் கருத்தை நேராகச் சொல்லுங்கள். அவர் கண்ணில் உங்கள் மதிப்பு அதில்தான் ஏறும்.

ஜெர்மனியில் இன்னும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. ‘தலைவர்’ என்பதற்கு அவர்கள் மொழியில் இருந்த சொல்லையே இட்லர் கெடுத்துவிட்டுப் போனார். கூட்டத்தைக் கொதிக்க வைக்கிற பேச்சு என்றாலே அங்கே பலருக்கு உள்ளுக்குள் எச்சரிக்கை மணி அடிக்கும். அந்த நாட்டைத்தான் அங்கெலா மெர்க்கெல் 2005 முதல் 2021 வரை 16 ஆண்டுகள், அலங்காரமே இல்லாத பேச்சோடு ஆண்டார். அவருக்கு மக்கள் வைத்த செல்லப்பெயருக்கு ‘அம்மா’ என்று பொருள்.

நன்றாகப் பேச வராதவருக்கு வசீகரம் வாய்க்காதா?

காமராஜரைப் பாருங்கள். “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். அதற்குள் மனுக்காரருக்கு நம்பிக்கை வந்துவிடும். 1963-இல் முதலமைச்சர் நாற்காலியைத் தானாக விட்டு இறங்கி வந்ததை எத்தனை மேடைப் பேச்சுக்கு ஈடாகச் சொல்வது? இந்தியாவில் பிறந்து கனடாவில் பணியாற்றிய ரவீந்திர கனுங்கோவும், ஜே காங்கர் என்பவரும் 1987-இல் முன்வைத்த கோட்பாட்டில் தனக்கு வரும் இழப்பைப் பொருட்படுத்தாமல் இறங்குவதும் வசீகரத்தின் ஒரு கூறு. வாயில்லாதவருக்கும் அந்த வழி திறந்திருக்கிறது.

வேறு பண்பாட்டில் இருந்து வந்த ஒருவர் நம்மிடம் தலைவராக முடியுமா?

பெரம்பூரில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். 1918 ஏப்ரல் 27 அன்று இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அதன் தலைவர் பி.பி. வாடியா, பம்பாயைச் சேர்ந்த பார்சி. அன்னி பெசன்ட் அம்மையாரோடு பிரம்மஞான சபையிலும் ‘நியூ இந்தியா’ பத்திரிகையிலும் இருந்தவர். பக்கிங்காம் - கர்நாடிக் ஆலையின் தொழிலாளர்களோடு அவருக்கு மொழி பொது இல்லை, மதம் பொது இல்லை, சாப்பாடுகூடப் பொது இல்லை.

பிறகு எப்படி? முதல் காரணம், அவர் தானாக வரவில்லை. ஆலைத் தொழிலாளர்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் போய் அழைத்து வந்தார்கள். சாப்பிடக் கிடைக்கும் நேரம் போதவில்லை, மேஸ்திரியின் கை நீள்கிறது என்ற குறைகளை அவர்கள் கையோடு கொண்டு போனார்கள். இரண்டாவது, 1917-இல் பெசன்ட் அம்மையாரோடு அரசாங்கம் அவரையும் காவலில் வைத்தது. வெள்ளைக்காரனுக்கு அஞ்சாதவர் என்ற பெயர் அவருக்கு முன்னால் பெரம்பூர் வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாவதை நான் பெரிதாக நினைக்கிறேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார், பக்கத்தில் திரு.வி.க. போன்றவர்கள் தமிழில் நின்றார்கள். திரு.வி.க. வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். தொழிலாளர் கூட்டத்தில் தமிழிலேயே முழங்க முடியும் என்று காட்டியவர்களில் முன்னவர். வெளியிலிருந்து வந்த வசீகரம் உள்ளூர் நாக்கின் வழியாகத்தான் பெரம்பூருக்குள் இறங்கியது.

இன்றைக்கும் இதே கணக்குதான். வெளியிலிருந்து வந்து இங்கே வேலை செய்ய நினைக்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்களை அழைத்தது யார்?” என்றுதான்.

அவ்வளவு ஈர்ப்பு இருந்தும் அந்த ஆலையில் 1921-இல் நடந்த வேலைநிறுத்தம் ஏன் தோற்றது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இன்றும் குரல் தடுமாறும். அதற்குள் வாடியா விலகிவிட்டார். ஆலை நிர்வாகம் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் நட்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. தொழிலாளர்களைத் திரட்டுவதே குற்றம் என்பதுபோல அன்றைய சட்டம் இருந்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுதல்.

1921-இல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் அதைத் துரோகம் என்றார்கள். ஆனால் கடன் வாங்கவும் வழியில்லாத குடிசைக்குள் எத்தனை நாள் உலை வைக்காமல் இருக்க முடியும்? சங்கத்தில் ‘தோளோடு தோள்’ என்றவர்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அப்படி நின்றார்களா? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திரு.வி.க.வின் தமிழுக்கு உருகாத நெஞ்சம் அன்று பெரம்பூரில் குறைவு. அந்தத் தமிழாலும் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவே இருந்த சாதியைத் தாண்ட முடியவில்லை.

அதனால்தான், ‘வெவ்வேறு பண்பாடு’ என்றதும் ஜப்பானையும் டென்மார்க்கையும் மட்டும் நினைக்காதீர்கள் என்கிறேன். நாட்டுக்கு ஒரு பண்பாடு என்று எண்ணுகிற ஆய்வுகளில் புளியந்தோப்பு தெரியாது. ஒரே ஆலை, ஒரே சங்கு, ஒரே கூலி. ஆனாலும் தலைவரின் ஒரே சொல் இரண்டு தெருக்களில் இரண்டு விதமாகக் கேட்டது.

நாம் மட்டும் ஏன் தலைவரை அண்ணா, அம்மா, வாத்தியார் என்கிறோம்?

நாம் மட்டும் இல்லை. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேவை அந்த மக்கள் ‘முவாலிமு’ என்றே அழைத்தார்கள். சுவாகிலி மொழியில் அதற்கு வாத்தியார் என்று பொருள். அவர் உண்மையிலேயே பள்ளி ஆசிரியராக இருந்தவர். வண்ணாரப்பேட்டை ரிக்‌ஷா ஸ்டாண்டில் எம்.ஜி.ஆரை ‘வாத்தியார்’ என்றார்கள். குத்துச்சண்டைப் பரம்பரைகளில் கற்றுக்கொடுப்பவரும் வாத்தியார்தான். இரண்டு ஊரும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் அடிபட்ட மக்கள் தங்களுக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று ஏங்கியிருக்கிறார்கள்.

உறவுச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு. இந்திய உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980-இல் நம் நாட்டுத் தொழிலகங்களைப் பார்த்து ஒன்று சொன்னார்: இங்கே எடுபடும் தலைவர் பாசமும் காட்டுவார், வேலையையும் கறாராக வாங்குவார், வேலை நடக்க நடக்கத்தான் பாசம் பெருகும். அண்ணன் என்று அழைத்துவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், சாவு வீட்டில் பந்தல் போடும்போது நிற்கவேண்டும். மேடையில் மட்டும் அண்ணனாக இருப்பவரை நம் ஜனங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே சமயம், அண்ணனிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவதும் நாம்தான். இந்தக் கூச்சத்தை நாம் விட்டாக வேண்டும்.

நான் மகளிர் குழுத் தலைவி. குரலை உயர்த்தினால் திமிர் என்கிறார்கள், தணித்தால் மதிக்கவில்லை. என்ன செய்ய?

நீங்கள் சொல்வதை ஈக்லி, கராவ் என்ற இருவர் 2002-இல் கோட்பாடாகவே எழுதினார்கள். தலைவரிடம் எதிர்பார்க்கும் குணமும் பெண்ணிடம் எதிர்பார்க்கும் குணமும் மோதுவதால் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் அடி. இது உங்கள் குறை இல்லை அக்கா. எங்கள் வகுப்பில் பலருக்குப் பலன் தந்த ஒரே வழி: தனியாக முன்னால் போய் நிற்காதீர்கள், குழுவில் மூன்று பேரை முன்கூட்டியே பேச வைத்துவிட்டுக் கடைசியில் எழுந்து பேசுங்கள்.

வெள்ளம், புயல் நேரத்தில் வசீகரத் தலைவர் உண்மையில் உதவுகிறாரா?

நெருக்கடியில்தான் வசீகரம் பிறக்கிறது என்பது வெபரின் கருத்து. நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் புகுந்த அதே நாட்கள். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், மின்சாரம் இல்லை, போன் இல்லை. தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், பேச்சில் வல்லவர். மொட்டை மாடியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தார். அதுவரை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற முப்பது பையன்கள் தண்ணீரில் இறங்கினார்கள். அந்தக் குரல் இல்லை என்றால் அன்று யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். இதை நான் எங்கேயும் சொல்வேன்.

இரண்டாம் நாள் பால் பாக்கெட் வந்தது. முதல் ஐந்து வீட்டுக்கே மறுபடி மறுபடி போனது. கடைசிச் சந்தில் கைக்குழந்தை வைத்திருந்தவளுக்கு வரவில்லை. அப்போது தையல் வேலை செய்கிற ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், தன் அளவு நோட்டைக் கொண்டு வந்தாள். மார்பளவு, கையளவு எழுதிய பக்கங்களைத் தாண்டி, நனைந்து ஒட்டியிருந்த தாள்களை ஊதி ஊதிப் பிரித்து, கோடு போட்டாள். வீட்டு எண், குழந்தை, வயசானவர், சர்க்கரை ஊசி, கொடுத்தாச்சு. பேனா எழுதவில்லை, துணியில் குறி வைக்கும் சாக்பீஸ் பென்சிலால் எழுதினாள். அன்று மாலைக்குள் ஒரு வீடும் விடுபடவில்லை.

அந்த அண்ணன் செய்த நல்ல காரியம், நோட்டைப் பார்த்ததும் “இனிமே இந்தப் பொண்ணு சொல்றதுதான்” என்று அதே குரலில் சொன்னது.

வசீகரம் கூடினால் தலைமையும் கூடுமா?

அப்படிக் கூடுவதில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யாஸ்மின் வெர்காவ் முதலியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர அளவில் வசீகரம் உள்ளவர்களே அதிகப் பயனுள்ள தலைவர்களாக மதிப்பிடப்பட்டார்கள். மிகக் குறைவாக உள்ளவர் தொலைநோக்கில் சறுக்குகிறார். மிக அதிகமாக உள்ளவர் அன்றாட வேலையை நடத்திமுடிப்பதில் சறுக்குகிறார். பால் பாக்கெட் கதையேதான்.

தலைவர் போய்விட்டால் இயக்கம் என்ன ஆகும்?

வெபருக்குத் தெரிந்த பதில்: ஒன்று சிதறும், அல்லது விதிகளும் பதவிகளுமாக உறையும். 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். அடுத்த சில வாரங்களிலேயே கட்சி இரண்டாகி, 1989 தேர்தலில் இரட்டை இலைச் சின்னமே முடக்கப்பட்டு, இரண்டு அணியும் வேறு வேறு சின்னத்தில் நின்றன. மறுபக்கம், நைரேரே 1985-இலும் மண்டேலா ஒரே பதவிக்காலத்தோடு 1999-இலும் தாங்களாகவே இறங்கினார்கள். உயிரோடு இருக்கும்போதே இடம் விடுவது கடினமான காரியம். அடுத்தவர் தடுமாறும்போது பக்கத்தில் இருந்து கைகொடுக்க அதில் வாய்ப்பு உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு தெருச் சங்கத்தில் தலைவர் திடீரென்று இறந்தார். தங்கமானவர். நாற்பது குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு அவர் தலைக்குள் இருந்தது, எங்கும் எழுதியிருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே பணம் பற்றிச் சண்டை வந்து, அவர் மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அந்த அம்மா தலைகுனிந்து ஆட்டோவில் ஏறியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதல் பாடம் பேச்சு அல்ல, கணக்கு எழுதுவது.

அடுத்த ஞாயிறு என் முதல் கூட்டம். எதில் தொடங்குவது?

அரை மணி முன்னால் போய் நாற்காலி போடுங்கள். வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெரியவர்களை உறவு சொல்லி. நீங்கள் ஐந்து நிமிடம் பேசினால் போதும். முதல் கேள்வியை வாசலருகே நிற்பவரிடம் கேளுங்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எப்படியும் பேசிவிடுவார். கூட்டத்தில் முடிவானதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டி, உங்களோடு கருத்து வேறுபட்ட ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நோட்டு அன்றிரவு உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.